ஒயர் மேல் ஒயர்

“போட்டோ ஆடிடுச்சே தம்பி, மறுபடி எடுத்து அனுப்பு” என்று நேற்று ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா எழுதினார். அத்தை கும்பிடும் கையைப் போட்டார். கபாலீஸ்வரர் கோபுரம் தெரிந்திருக்கும். அதற்குள் டபுள் எக்ஸ்போஷரில் ரங்கநாதன் தெருக் கூட்டத்தை நடக்கவிட்டிருந்தேனே, அதை ஒருவரும் பார்க்கவில்லை. 1965-இல் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் இரண்டு எம்.ஜி.ஆர். வந்தபோது விசிலடித்தவர் இதே பெரியப்பாதான். அன்றைக்கு எதுவும் ஆடவில்லையாம்.

ஒரே படத்தில் இரண்டு எக்ஸ்போஷர் என்றால் தலா ஒரு ஸ்டாப், நாலு என்றால் தலா இரண்டு ஸ்டாப் குறைத்து எடுக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாத சூட்சுமம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இந்த ஒயர்.

மயிலாப்பூரில் அண்ணாந்தால் கரண்ட் ஒயர், கேபிள் டிவி ஒயர், கேபிளை நிறுத்திவிட்டவர் வீட்டுக்கு இன்னும் போகிற ஒயர், ஃபைபர், மிச்ச ஃபைபரைச் சுருட்டிக் கம்பத்தில் மாட்டிய வளையம், எங்கிருந்தும் வராமல் எங்கேயும் போகாமல் மரத்தில் தொங்கும் ஒயர். பதினோரு மணி வானமோ சலவைக்குப் போய் வந்த வேட்டி. கேமராவின் ஆடிட்டிவ் மோடில் முதல் படத்தின் இருட்டில்தான் இரண்டாவது படம் உட்காரும், வெளுத்த இடத்தில் எதுவும் பதியாது. ஆகவே ரங்கநாதன் தெரு ஜனம் பாதி பேர் கோபுர நிழல்களில் இடம்பிடிக்க, மீதிப் பேர் ஒயருக்குள் ஒண்டிக்கொண்டார்கள். ஒயர் முழுக்கத் துணிப்பை. சரியென்று ஆவரேஜுக்கு மாற்றினேன். இரண்டு தெருவின் ஒயரும் சாம்பல் நிறத்தில் வந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. கடைசியாக டார்க் மோடு. இரண்டு படத்திலும் கறுப்பாக இருப்பதை மட்டும் தேடிப் பிடித்துக் காப்பாற்றும் மோடு அது. ஒன்றைக்கூட விடவில்லை. இதற்காகவே ஜப்பான்காரன் ஆராய்ச்சி செய்தானோ என்னவோ.

லஸ் பக்கம் போகலாமென்றால் மெட்ரோ தகரத் தடுப்பு. அதன் மேல் எதை ஏற்றினாலும் தகரம்தான் தெரியும்.

இன்று காலை எங்கள் தெருக் கம்பத்தில் ஏணியைச் சாய்த்து ஒருவர் புது ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். யாருக்குங்க என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன்.

“உங்க வீட்டுக்குத்தான் சார். போட்டோ ஏத்த ஸ்பீடு பத்தலைன்னு நீங்கதானே கேட்டீங்க?”

“அப்போ பழைய ஒயரையாவது கழற்றிடுங்க.”

மேலே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இதுல உங்களுது எது சார்?”