44 பைக்கா

நான் லே-அவுட் பிரிவில் வேலை பார்த்த நாளில் அமெரிக்கப் படக்கதைகள் வழவழப்பான தாளில் அச்சாகி வந்து சேரும். எந்த அளவில் வந்தால் என்ன? எங்கள் பத்திரிகையில் படக்கதைக்கு நான்கு பத்தி அகலம். அது விதி. அந்த விதிக்கும் மேலே ஒன்று உண்டு: சாயங்காலம் புடவைக்கடை விளம்பரம் வந்துவிட்டால் மூன்று பத்தி.

படத்தைப் புரோமைடு தாளில் பிரதி எடுத்து, பேச்சு பலூனில் இருக்கும் ஆங்கிலத்தை வெள்ளை பூசி மறைத்து, தமிழைக் கையால் எழுத வேண்டும். அவர்கள் ஒரு வாக்கியம் பேசும் இடத்தில் நமக்கு ஒரு வினைமுற்று அடங்கினால் பெரிது. "என்ன செய்துகொண்டிருக்கிறாய்?" என்று எழுதினால் பலூன் வெடித்துவிடும். ஆகவே எங்கள் கதாநாயகர்கள் "என்ன?", "ஐயோ!", "ஓடு!" என்று மட்டுமே பேசினார்கள். கதை விறுவிறுப்பாகப் போகிறது என்று வாசகர்கள் கடிதம் எழுதினார்கள்.

அப்படியும் அடங்காவிட்டால் பக்கம் ஒட்டும் பேஸ்ட்-அப் அண்ணன் பிளேடை எடுப்பார். "தம்பி, வானத்துக்கு எதுக்கு இத்தனை இடம்?" என்று மேலே அரை அங்குலத்தைச் சீவிவிடுவார். எங்கள் பத்திரிகையில் மலைகளுக்கு உச்சி கிடையாது.

அமெரிக்காவில் ஓவியன் வரைந்தது வரைந்தபடி வரும் என்று நினைத்துப் பெருமூச்சு விடுவோம். வந்த காலம் ஒன்று இருந்ததுதான். 1905-இல் வின்சர் மெக்கே வரைந்த 'லிட்டில் நீமோ'வுக்கு நியூயார்க் ஹெரால்ட் ஒரு முழுப் பக்கம் கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் காகிதத் தட்டுப்பாடு வந்தது, படக்கதைப் பட்டைகள் சுருங்கின. காகிதம் திரும்பி வந்தது, இடம் வரவில்லை. 1950-இல் 'பீனட்ஸ்' இடத்தை மிச்சப்படுத்தும் சரக்காகவே விற்பனைக்கு வந்தது: ஒரே அளவில் நான்கு கட்டம், படுக்கவைக்கலாம், நிறுத்தலாம், சதுரமாகவும் அடுக்கலாம். (வரைந்த ஷுல்ஸுக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை என்பது தனிக்கதை.) ஞாயிற்றுக்கிழமைப் பட்டையில் இன்னும் வேடிக்கை. மேல்வரிசையை எந்தப் பத்திரிகையும் வெட்டி எறியலாம். எனவே வெட்டினாலும் கதை கெடாதபடி, ஒட்டாத ஒரு சிரிப்பை அங்கே ஓவியனே வரைந்து வைக்க வேண்டும். எங்கள் அண்ணனாவது அடுத்தவன் வானத்தைத்தான் சீவினார்.

1984-இல் விடுப்பு முடிந்து திரும்பிய ஓவியர் கேரி ட்ரூடோ, தன் படக்கதையான 'டூன்ஸ்பரி'யை 44 பைக்கா அகலத்துக்குக் குறையாமல் போட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். அதாவது ஏழே கால் அங்குலத்துக்குச் சற்று மேல். அதற்கே ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' வரைந்த பில் வாட்டர்சன் இன்னும் பிடிவாதக்காரர். 1992 முதல் அவருடைய ஞாயிற்றுக்கிழமை அரைப்பக்கத்தை யாரும் பிரிக்கக் கூடாது என்றாயிற்று. 1995 கடைசி நாளோடு அந்தப் படக்கதையையே நிறுத்திக்கொண்டார்.

இப்போது என் தங்கை மகள் இணையத்துக்குப் படக்கதை வரைகிறாள். "மாமா, அகலம் 800 பிக்சல். கீழே எவ்வளவு தூரம் வேணும்னாலும் போகலாம்" என்கிறாள். அவள் கதையில் கதாநாயகி மாடியிலிருந்து குதித்தால், தரைக்கு வர என் கட்டைவிரல் வலிக்கிறது. அத்தனையும் வானம். சீவுவதற்கு ஆளில்லை.

பழைய ஸ்கேலை எடுத்து அவள் போனை அளந்தேன். ஏழு சென்டிமீட்டர், பதினாறரை பைக்கா. ட்ரூடோ சண்டை போட்டு வாங்கியதில் பாதிகூட இல்லை. இதற்கு எந்த ஓவியனும் நிபந்தனை போட்டதாகத் தெரியவில்லை. பாதிக் கதையில் புடவை விளம்பரமும் வருகிறது, இப்போது அசைந்துகொண்டு.

போனுக்கென்றே அளவெடுத்தது போலிருப்பது, இடம் போதாதென்று அன்று கட்டிய 'பீனட்ஸ்' நாலு கட்டம்தான். ஒவ்வொன்றாகத் தள்ளிப் படிக்கலாம். 'லிட்டில் நீமோ'வை மட்டும் தயவுசெய்து போனில் பார்க்காதீர்கள். பெரிய அளவில் அச்சிட்ட தொகுப்புகள் இருக்கின்றன. மேசையைக் காலி செய்துவிட்டு விரித்துப் பாருங்கள்.