வெளியே பி, உள்ளே டி

அமெரிக்காவில் 65 வயதைத் தொட்டவர்களுக்கு அரசாங்கம் நடத்தும் மருத்துவக் காப்பீட்டுக்கு மெடிகேர் என்று பெயர். 1965-ல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டபோது, நான் கோவில்பட்டியில் கால்சட்டைப் பை நிறையக் கடலைமிட்டாயோடு திரிந்துகொண்டிருந்தேன். அவர் தன் பங்கைச் செய்த வருஷத்திலேயே நானும் என் பங்கை ஆரம்பித்துவிட்டேன்.

இப்போது நியூஜெர்சியில் சர்க்கரையும் நானும் ஒரே வீட்டில் சமாதானமாகத்தான் குடியிருக்கிறோம். அதற்கான சாமான்களை வாங்கும்போதுதான் தகராறு. ஒரே வியாதியை மெடிகேர் எழுத்து வாரியாகப் பாகம் பிரித்து வைத்திருக்கிறது. ரத்தம் பார்க்கும் மீட்டர், ஸ்ட்ரிப், விரலைக் குத்தும் லான்செட் எல்லாம் பார்ட் பி. இன்சுலின், சிரிஞ்சு, துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சு எல்லாம் பார்ட் டி. குத்து வாங்குவது என்னவோ ஒரே உடம்புதான்.

ராத்திரித் தூக்கம் கெட்டு ஒரு சூத்திரம் கண்டுபிடித்தேன். ரத்தம் வெளியே வந்தால் பி, மருந்து உள்ளே போனால் டி. மனைவியை உட்காரவைத்து விளக்கிக்கொண்டிருக்கும்போது மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, இன்சுலினை பம்ப் வழியா ஏத்தினா அது பார்ட் பி." சூத்திரம் அங்கேயே உயிரை விட்டது.

நான் இன்னும் மாத்திரைக் கட்சி. எங்களுக்கு மூன்று மாதத்துக்கு 100 ஸ்ட்ரிப். இன்சுலின் கட்சிக்கு 300. வருஷ ஆரம்பத்தில் நாம் கட்டவேண்டியதைக் கட்டித் தீர்த்த பிறகு, நூற்றுக்கு 80 மெடிகேர், 20 நாம். நாளுக்கு ஒன்று போக மிஞ்சுகிற பத்தையும் என் விரல் தின்றுவிடும். குத்துவேன், ரத்தம் வராது. பிதுக்குவேன், கடுகளவு வரும். மீட்டர் 'எர்ரர்' காட்டும். ஸ்ட்ரிப் காலி.

ஆகவே டப்பா மனைவி வசம். ரேஷன் கடையில் சீனி நிறுக்கிற கறார். "என்னங்க, நேத்து கல்யாணத்துல மூணு மைசூர்பாகு தின்னீங்களே, அதை மீட்டர் வேற வந்து சொல்லணுமா? ஒரு ஸ்ட்ரிப் மிச்சம்!" என்று மூடி வைத்துவிடுவாள்.

டாக்டர் அவசியம் என்று எழுதிக் கொடுத்தால் கூடுதல் ஸ்ட்ரிப் உண்டு. ஜிலேபிக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்பதுதான் என் அவசியம். இதை அவர் எந்தப் படிவத்தில் எழுதுவார், பாவம்! பாதம் மோசமாகப் பழுதான சர்க்கரைக்காரர்களுக்கு வருஷம் ஒரு ஜோடி விசேஷக் காலணிகூட பார்ட் பி-யில் உண்டு. ஆசையாக வாசித்துக் காட்டினேன். "அதைப் போட்டா நடக்கணுமே, பரவாயில்லையா?" என்றாள் மனைவி.

கேட்காமல் கிடைப்பது எங்கள் வீட்டில் அறிவுரை மட்டும்தான். ஸ்ட்ரிப் அப்படியில்லை, தீர்ந்தால் தானாக வராது. நாம் கேட்காமல் கடைக்காரர் அனுப்பினால் மெடிகேர் பணம் தராது. எனவே 65 தாண்டிய அமெரிக்கவாழ் சர்க்கரைச் சொந்தங்களே, டப்பாவில் நாலைந்து இருக்கும்போதே போன் போடுங்கள். மெடிகேர் நிர்ணயித்த விலைக்கு ஒப்புக்கொள்கிற கடைதானா என்று முதலில் கேட்டுவிடுங்கள். ஒப்புக்கொள்ளாத கடை உங்களிடம் கூடுதலாகவே கறக்கலாம்.