எழுபது வளைவும் ஒரு தீக்குச்சியும்

கேள்வி: நகரத்துக் குப்பைமேடு எரிந்தால் நகரத்தார் இருமட்டும். கொல்லிமலைக்காரனுக்கு என்ன வந்தது? (செம்மேடு வாசகர்)

பதில்: ஆகாய கங்கை அருவியில் குளிக்க வரும் நகரத்தார் இருமலோடு மட்டுமா வருகிறார்கள்? பிரியாணிப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் கூடவே ஏறி வருகின்றன. அந்தக் குப்பை 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க டீசல் வேண்டும். எரிக்கத் தீக்குச்சி போதும். குப்பை எரிவதற்குக் காரணம் அறியாமை அல்ல, இந்தக் கணக்குதான். நகரத்தில் தீக்குச்சிச் செலவுகூட இல்லை. அங்கே பாதிக்கு மேல் ஈரக்குப்பை. பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் குவித்தால் காற்றுப் புகாத அடியில் அழுகி, எளிதில் தீப்பற்றும் மீத்தேன் வாயு ஆகிறது. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடி, 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம், 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர் என்று வெயில் ஏற ஏற மேடுகள் நாள்கணக்கில் புகைந்தன. ஈரத்தைத் தனியே எடுத்தால் மேட்டுக்கு எரிவாயு கிடைக்காது. உங்கள் மலையிலோ இலையும் காய்த்தோலும் இறங்கவே வேண்டாம். மிளகுக்கும் காப்பிக்கும் உரமாகட்டும். எடை குறைந்தால் வண்டிக் கூலியும் குறையும். மிஞ்சும் உலர்ந்த பிளாஸ்டிக் காயலான் கடைக்காரருக்குச் சரக்கு. சாம்பாரில் ஊறியதை அவர் திரும்பியும் பார்க்க மாட்டார்.

கேள்வி: பிரிப்பானேன்? மொத்தமாக உலையில் போட்டு மின்சாரம் எடுக்கலாமே!

பதில்: சாம்பார் சாதம் எரியாது, ஐயா. உலையின் வெப்பத்தில் கணிசமான பங்கு அதை உலர்த்தவே போய்விடும். பிறகு எரிவதற்குத் தாளும் பிளாஸ்டிக்கும் கேட்கும். மறுசுழற்சிக்குப் போக வேண்டியவையும் அவைதாம். பி.வி.சி. எரிந்தால் டயாக்சின் என்னும் நச்சு வரும். வடிகட்டி உண்டே என்பீர்கள். உண்டுதான். நம் தெருவிளக்குப் பராமரிப்பைப் பார்த்தவர்கள், அந்த வடிகட்டியின் பத்தாம் ஆண்டு நிறைவைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

கேள்வி: சட்டத்துக்கே அடங்காத ஜனங்கள் பிரித்தா கொடுப்பார்கள்?

பதில்: திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே சொல்லிவிட்டது. ஆனால் கொளுத்தியவரைப் பிடித்தால்தானே அபராதம்? மறுபக்கம் பாருங்கள். 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுத்தார்கள். முன்பு காட்டில் உடைந்து விலங்குகளின் காலைக் கிழித்தவை பாட்டில்கள்; அதன்பின் பெரும்பாலானவை கடைக்கே திரும்பின. போதையிலும் புரிகிற கணக்கு, தெளிவாக இருப்பவர்களுக்குப் புரியாதா? வாங்கி வைக்கிற ஊழியர்களுக்கு வேலை கூடுகிறது என்பது நியாயமான குறை. கூடுதல் ஆள் போட வேண்டும். எந்தக் காயலான் கடையும் வாங்காத சிப்ஸ் உறையைத் தயாரித்த நிறுவனமே திரும்பப் பெறட்டும். தண்ணீர் பாட்டிலுக்குக் காரவள்ளி அடிவாரத்திலேயே பத்து ரூபாய் வாங்கி, இறங்கும்போது காட்டினால் திருப்பித் தரலாம். தொலைத்தவர்களின் பணத்தில் குப்பை வண்டிக்கு டீசல் போடலாம்.