கீறல் விழாத தலைமுறை

ஜனவரி 25, காலை பதினொரு மணி. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஒரு கல்லூரி மைதானம். சில நூறு பிள்ளைகள் வெயிலில் வலது கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தேசிய வாக்காளர் நாள். பேராசிரியர் மைக்கில் உறுதிமொழியைத் துண்டு துண்டாகச் சொல்ல, பிள்ளைகளும் துண்டு துண்டாகத் திருப்பிச் சொல்கிறார்கள். மதம், இனம், சாதி, சமூகம், மொழி எதன் தாக்கத்துக்கும் ஆளாகாமல் வாக்களிப்போம் என்கிற இடத்தில் மைக் கரகரத்து நின்றது. பிள்ளைகளும் நின்றார்கள், நீட்டிய கையை இறக்காமல். மைக் வந்தது, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அப்படியொரு ஒழுங்கை நான் படித்த காலத்தில் பார்த்ததில்லை.

அன்றைக்கு நான் சிறப்பு விருந்தினர். இவர்களைப் பாராட்டாமல் விட்டால் போர்த்திய பொன்னாடைக்கும் கையில் கொடுத்த பண்ருட்டி முந்திரிப் பொட்டலத்துக்கும் துரோகம் செய்தவனாவேன்.

முதல் பாராட்டு வரவேற்புரைக்கு. "இது அரசியல் கலக்காத நிகழ்ச்சி" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்கள். வாக்காளர் நாளை அரசியல் கலக்காமல் நடத்துவது லேசுப்பட்ட காரியமா? உப்பில்லாமல் கருவாடு போடுகிற வேலை. அதையும் செய்து காட்டினார்கள். வாசலில் கோலம், சுவரில் வாசகங்கள், செல்ஃபி எடுக்க அட்டைச் சட்டம், மை வைத்ததுபோல் ஆள்காட்டி விரலில் மார்க்கர் கோடு. கடைசியில் பட்டிமன்றம்: வாக்களிப்பது உரிமையா, கடமையா? எந்த அணி ஜெயித்தாலும் யாருக்கும் எந்தச் சேதாரமும் இல்லாத தலைப்பு. நடுவர் நான்.

பேசிய ஒரு பெண், குமராட்சிப் பக்கத்துக் கிராமம், தன் தாளை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள். எடுத்துப் பார்த்தேன். எல்லோருடைய பேச்சையும் முந்தின நாளே வாங்கித் திருத்தியிருந்தார்கள். "எங்கள் ஊர் வாய்க்காலை ஏன் தூர்வாரவில்லை?" என்று அவள் எழுதியிருந்த வரியை அடித்து, ஓரத்தில் சிவப்பு மையில் "பொதுவாகப் பேசவும்" என்று குறித்திருந்தது. மேடையில் அவள் சொன்னது, "நீர்நிலைகளைக் காப்பது நம் அனைவரின் கடமை." பலத்த கைதட்டல். வாய்க்கால் அப்படியே இருக்கும், யார் மனமும் புண்படாது. திருத்திய கைக்கு ஒரு மோதிரம் போடலாம்.

இதன் அருமை நமக்குத் தெரியாது. கட்டுப்படுத்த ஆளில்லாத காலத்தில் இந்த வட்டாரம் என்ன பாடுபட்டது என்று தெரிந்தவர்களுக்கே தெரியும். 1940களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நெடுஞ்செழியன், அன்பழகன் என்று சில மாணவர்களை இஷ்டத்துக்குப் பேசவிட்டார்கள். யாரும் தாளை வாங்கித் திருத்தவில்லை. விளைவு, இரண்டு பேரும் பின்னாளில் தமிழ்நாட்டின் நிதியமைச்சர்களாகிவிட்டார்கள். கடலூர் இன்னும் மோசம். 1927இல் சென்னையில் ஆங்கிலத் தளபதி நீலன் சிலையை அகற்றச் சொல்லிப் போராடப் போன கடலூர் அஞ்சலை அம்மாள், மகள் அம்மாக்கண்ணுவையும் கையோடு கூட்டிப்போனார். பள்ளிக்கூட வயதுச் சிறுமி. தாயும் மகளும் தண்டிக்கப்பட்டார்கள். இந்தக் காலமாக இருந்தால் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் அந்த அம்மாளை உட்காரவைத்து, "பாப்பாவுக்குப் படிப்பு முக்கியம்மா" என்று பதமாகச் சொல்லி அனுப்பியிருப்போம்.

தேதியையும் பாருங்கள். தேர்தல் ஆணையம் அமைந்தது 1950 ஜனவரி 25. அதனால் 2011 முதல் அது வாக்காளர் நாள். தமிழ்நாட்டில் அதே நாள் மொழிப்போர் தியாகிகள் நாள். 1965இல் அன்றுதான் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மதுரையில் பற்றிக்கொண்டது. இரண்டு நாள் கழித்து, 27ஆம் தேதி, சிதம்பரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் செத்துப்போனார். ஓட்டுப் போட அப்போது 21 வயதாக வேண்டும். 18 ஆனது 1989இல்தான். ஓட்டில்லாத பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள், இரண்டே வருடத்தில் ஆட்சி மாறியது. உறுதிமொழி சொல்லிக்கொடுக்க ஒரு நல்ல வாத்தியார் அன்றைக்கு இல்லாமல் போனார். இப்போது ராஜேந்திரனுக்கு அண்ணாமலை நகரில் சிலை இருக்கிறது. காலையில் அதற்கு மாலை போட்டுவிட்டு, பதினொரு மணிக்கு மொழியின் தாக்கமில்லாமல் வாக்களிக்க உறுதி எடுக்கலாம். இரண்டுக்கும் ஒரே வேட்டி போதும்.

இவ்வளவு கவனமாக வளர்த்தும் சில சமயம் பிள்ளைகள் வழி தவறிவிடுகிறார்கள். 2013இல் அரசு சட்டம் போட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆனால் 2020இல்கூட அதன் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் வருடத்துக்கு 5 லட்சத்துக்கு மேல். மற்ற அரசுக் கல்லூரிகளில் 14 ஆயிரத்துக்குள். இந்த எளிய கணக்குப் புரியாமல் 2020 டிசம்பரில் மாணவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கல்லூரியைக் காலவரையின்றி மூடி, விடுதியைக் காலி செய்யச் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. ஏறத்தாழ ஐம்பது நாள். கடைசியில் 2021 ஜனவரி இறுதியில் அந்தக் கல்லூரியைச் சுகாதாரத் துறைக்கு மாற்றி அரசாணை வந்தது. கட்டணமும் பிறகு இறங்கியது. வருங்கால டாக்டர்கள் உடற்கூறியலோடு சேர்த்து, விடாமல் கேட்டால் கிடைக்கும் என்பதையும் கற்றுக்கொண்டு போனார்கள். இந்தத் தொற்று மற்ற துறைகளுக்குப் பரவாமல் பார்த்துக்கொண்டவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

சேர்க்கைப் படிவத்தோடு "எந்தப் போராட்டத்திலும் கலந்துகொள்ள மாட்டேன்" என்று எழுதி வாங்கும் கல்லூரிகளின் தொலைநோக்கு அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாணவர் பேரவைத் தேர்தலை எப்படி நடத்த வேண்டும் என்ற லிங்டோ குழுவின் பரிந்துரையை 2006இல் உச்ச நீதிமன்றமே ஏற்றது. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். நம்மூர்க் கல்லூரிகள் பலவற்றில் அந்த ஐயாயிரத்தையும் மிச்சம் பிடித்துவிட்டோம். வகுப்புப் பிரதிநிதியை ஆசிரியரே ஆள்காட்டி விரலை நீட்டித் தேர்ந்தெடுத்துவிடுகிறார். மைச்செலவும் இல்லை.

கல்லூரிகளை மட்டும் பாராட்டினால் போதுமா? கட்சிகளையும் பாராட்ட வேண்டும். 2019இல் சிதம்பரம் மக்களவைத் தொகுதி 3,219 வாக்கு வித்தியாசத்தில் முடிந்தது. ஒரு பெரிய கல்லூரியை நிரப்புகிற கூட்டம், அவ்வளவுதான். அதனால் இளைஞர் சக்தியின் மதிப்பு அவர்களுக்கு நன்றாகவே தெரியும். கொடி கட்ட, பைக் ஓட்ட, பூத் சிலிப் கொடுக்க, விசிலடிக்க, எல்லாவற்றுக்கும் இளைஞர்களையே நம்புகிறார்கள். வேட்பாளர் பட்டியல் போடுகிற தொல்லையை மட்டும் பெரியவர்களே சுமந்துகொள்கிறார்கள். வீட்டிலோ, "நமக்கெதுக்கு வம்பு" என்ற முதல் குடிமைப் பாடத்தைச் சோற்றோடு ஊட்டிவிடுகிறோம்.

மைதானத்தில் நின்ற பிள்ளைகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஔவை தூது போய்ப் பார்த்த தொண்டைமானின் படைக்கலக் கொட்டில் ஞாபகத்துக்கு வந்தது. அத்தனையும் பளபளப்பு. ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை. ஔவை இருந்திருந்தால் அவரும் பாராட்டியிருப்பார்.

நிகழ்ச்சி முடிந்து சமோசாவும் டீயும் கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் பக்கத்தில் வந்தாள்.

"சார், கிராம சபையில யார் வேணா பேசலாமா?"

"பதினெட்டு முடிஞ்சு, ஊர் வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா நீயும் அதுல உறுப்பினர்தாம்மா. எழுந்து கேக்கலாம்."

"முன்னாடியே எழுதிக் காட்டணுமா?"

"வேணாம்மா."

அவள் முகம் போன போக்கைப் பார்த்துக் கொஞ்சம் பயந்துதான் போனேன். மறுநாளே ஜனவரி 26, கிராம சபை நாள். நல்லவேளை, கொடியேற்றத்துக்கு வராதவர்களுக்கு வருகைப் பதிவில் வெட்டு விழும் என்று மைக்கில் அறிவித்தார்கள். அவள் விடவில்லை. அடுத்தது எப்போது என்று கேட்டாள். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 என்றேன். வாய்க்காலைப் பற்றிக் கேட்க அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது.

அன்றைக்கு இன்டர்னல் தேர்வு வைத்திருந்தார்கள்.