இரண்டாம் அடுப்பியல்: கம்பைநல்லூரை முன்வைத்து ஒரு முதற்கட்ட ஆய்வு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலில், சமையலுக்கு என்ன எரிபொருள் என்று ஒரு கேள்வி இருந்தது. வீட்டுக்கு ஒரே விடை. ‘கேஸ்’ என்றால் கேஸ்; படிவம் அடுத்த கேள்விக்குப் போய்விடும். தர்மபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர் போன்ற ஊர்களில், வாசலில் அந்த விடை பதிவாகும் நேரத்தில் கொல்லையில் வேறோர் அடுப்பு புகைந்துகொண்டிருக்கும். அதில் காய்வது சோறல்ல, குளிக்கத் தண்ணீர். ஆகவே கணக்கில் வராது. பேரூராட்சி எல்லைக்குள் இருந்தும் புள்ளிவிவரத்துக்குத் தப்பிய இந்த இரண்டாம் அடுப்பே இவ்வாய்வின் பொருள்.

முன்னோர் ஆய்வுகளில் இதற்கு நல்ல பெயர் இல்லை. விறகிலிருந்து மண்ணெண்ணெய், அங்கிருந்து கேஸ் என்று குடும்பங்கள் ஏணியில் ஏறிப் போகும், ஏறியவர் இறங்கமாட்டார் என்பது நெடுநாள் நம்பிக்கை. 2000இல் மசேரா, சாட்காம்ப், கேமன் ஆகிய மூவர் மெக்சிகோ கிராமங்களைப் பார்த்துவிட்டு, யாரும் ஏணி ஏறவில்லை, பழைய அடுப்பை வைத்துக்கொண்டே புதியதையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று எழுதினார்கள். கம்பைநல்லூர்க் கொல்லை ஒன்றை எட்டிப் பார்த்திருந்தால் விமானச் செலவு மிச்சமாகியிருக்கும்.

ஏன் சேர்க்கிறார்கள்? கணக்குப் போட்டால் தெரியும். 20 லிட்டர் தண்ணீரை 25 பாகை சூடேற்றச் சுமார் 2,100 கிலோஜூல் வேண்டும். ஒரு கிலோ கேஸில் ஏறத்தாழ 46,000 கிலோஜூல் இருக்கிறது. அதில் பாதிக்குச் சற்று மேல் பாத்திரத்துக்குப் போய்ச் சேர்வதாக வைத்துக்கொள்ளலாம். நாலு பேர் ஆளுக்கொரு வாளி தினமும் குளித்தால், மாதம் 10 கிலோ கேஸ் குளியலறைக்கே போய்விடும். சிலிண்டரில் இருப்பதே 14.2 கிலோ. மீதி நாலு கிலோவில் மாதம் முழுக்கச் சமைக்க வேண்டும். துவரைமாரும் தென்னை மட்டையும், பட்டுப்புழு வளர்ப்பவர் வீடென்றால் இலை போக மிஞ்சும் மல்பெரிக் குச்சியும் சும்மா கிடக்கும்போது, இந்தக் கணக்கு யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு காரணம் களி. தர்மபுரிக்காரருக்குக் கேழ்வரகுக் களி வெறும் பண்டமல்ல, உடற்பயிற்சி. பானையை இறுக்கிப் பிடித்து, களிக்கோலை இரண்டு கையாலும் அழுத்திக் கிளற வேண்டும். அந்த அழுத்தத்தைத் தாங்க மண்ணில் ஊன்றிய அடுப்பு வேண்டும். 2006இல் வந்த தி.மு.க. அரசு கொடுத்த இலவச கேஸ் அடுப்பும் சரி, 2016இல் பல்லியாவில் தொடங்கிய மத்திய அரசின் உஜ்வலா கேஸ் திட்டமும் சரி, களி கிளறும் கையை மனதில் வைத்து வடிவமைத்தவை அல்ல.

வரலாற்றுப்படி பார்த்தால், இரண்டாம் அடுப்பின் மூதாதை கொடியடுப்பு. விறகு வைக்கும் வாய் பெரிய அடுப்புக்கு மட்டும். பக்கத்துக் குழிக்கு வாயில்லை; உள்ளே ஒரு துளை உண்டு. சோறு வேகும்போது மிஞ்சும் அனல் துளைவழியே போய்ப் பருப்பை வேகவைக்கும். விளிம்பில் இருக்கும் மூன்று குமிழ் பாத்திரத்தைத் தாங்குவதோடு, புகை வெளியேற இடுக்கும் விடும். வெளியேறிய புகை வீட்டுக்குள்ளேயே சுற்றும். அதைக் கூரைக்கு மேலே அனுப்பத்தான் ஐதராபாத் பொறியாளர் எஸ்.பி. ராஜு 1950களில் புகைபோக்கி அடுப்பைப் பரப்பினார். 1983இல் தொடங்கிய மத்திய அரசின் மேம்பட்ட அடுப்புத் திட்டம் 2002 வரை நடந்தது. கம்பைநல்லூர் கண்ட தீர்வு எளியது: புகைகிற அடுப்பையே கொல்லைக்கு அனுப்பிவிட்டது. ஊதுகுழலோடு குந்தியிருப்பவரின் கண்ணுக்கு இத்தீர்வு பொருந்தாது என்பதையும் பதிவு செய்தாக வேண்டும்.

மேனாட்டிலும் இரண்டாம் அடுப்பால் சிக்கல் உண்டு. இங்கிலாந்தில் விறகடுப்பின் முதுகில் கொதிகலன் பொருத்தி, சுடுநீரைக் குழாயில் ஓட்டி வீட்டைச் சூடாக்குகிறார்கள். அதில் இரண்டாவது அடுப்பைச் சேர்த்தால், எரிகிற அடுப்பின் சுடுநீர் அணைந்த அடுப்புக்குள் புகுந்து, அதன் புகைபோக்கி வழியே வெப்பத்தை வானத்துக்குத் தானம் செய்துவிடும். விறகைத் திருகி அணைக்கவும் முடியாது. அதனால் மிச்சச் சூட்டை வாங்கிக்கொள்ளவே தனி ரேடியேட்டர் வைக்கிறார்கள். இங்கே அப்பொறுப்பு சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கும் நிலக்கடலைக்கும், இறுதியில் பூனைக்கும் உரியது.

அடுப்பில் பூனை படுத்தால் வறுமை என்பார்கள். புறநானூறு 164இல் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் காட்டுவதும் காளான் பூத்த அடுப்பைத்தான். இவ்விரு உயிரியல் சான்றுகளும் முதல் அடுப்புக்கே செல்லும். வெந்நீர் அடுப்பில் பூனை படுத்திருந்தால், வீட்டில் எல்லோரும் குளித்தாகிவிட்டது என்று கொள்க.

தீராத பிரச்சினை ஒன்றே. ஒரு செம்பு சுடுதண்ணி எடுத்தவர் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது தவலைச் சட்டம். அப்பா, அம்மா, பாட்டி என்று சட்டம் ஒழுங்காக நடந்தால், மார்கழியில் கடைசியாக எழுந்துவரும் கல்லூரி மாணவருக்கு எட்டரை மணிக்குக் கிடைப்பது, புகைவாசம் மட்டும் ஏறிய கிணற்றுத் தண்ணீர். அவர் கேஸைப் பற்றவைக்கப் போகும்போதுதான் சமையலறையிலிருந்து சத்தம் கேட்கிறது.