அரை யூனிட் வீரன்

"நீங்க இருங்க சார், நான் குடுக்குறேன்" என்று அடித்துச் சொல்லிவிட்டுத்தான் போனை எடுத்தேன். இரண்டு டீ, இரண்டு உளுந்த வடை. டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் ஒட்டியிருந்த கட்டத்துக்கு நேரே பிடித்தேன். போன் ஒரு தரம் மினுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. சட்டைப் பையைத் தடவினேன். பர்ஸ் வைத்துக்கொள்ளும் பழக்கம் போய் வருஷங்கள் ஆகின்றன. கூட வந்த அலுவலக நண்பர் ஒன்றும் சொல்லாமல் தன் போனை நீட்டி 44 ரூபாயைக் கட்டினார். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

முந்தின இரவு பத்தரைக்கே சார்ஜ் போட்டிருந்தேன். காலையில் எழுந்து பார்த்தால் நான்கு சதவீதம். பின் செருகியிருக்கிறது, வயர் சரியாக இருக்கிறது, சுவரில் ஸ்விட்ச் மட்டும் மேலே நிற்கிறது. அந்த மாதத்தில் அது மூன்றாவது தடவை. வயது 54. மறதி வந்துவிட்டது என்று நானே முடிவுகட்டி, வல்லாரைத் துவையல் அரைக்கச் சொன்னேன். மூன்று வாரம் தின்றேன். நாக்கு பச்சையானதைத் தவிர வேறு மாற்றம் தெரியவில்லை.

இதில் எனக்குப் பெரிய வெட்கம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் ஸ்விட்சுகளுக்கெல்லாம் அதிபதி நான்தான்.

கதை மே மாதக் கரண்ட் பில்லில் தொடங்கியது. 512 யூனிட். தமிழ்நாட்டில் பில் கட்டுகிறவர்களுக்கு 500 என்ற எண்ணின் மகிமை தெரியும். இரண்டு மாதத்தில் அதைத் தாண்டினால், தாண்டிய 12 யூனிட்டோடு விஷயம் முடிவதில்லை. கணக்கே வேறு பட்டியலுக்குப் போய், கீழே இருக்கும் யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். முதல் 100 யூனிட் இலவசம் என்ற ஆறுதல் மட்டும் மிஞ்சும். பன்னிரண்டு யூனிட்டைக் குடித்த திருடன் யார் என்று வீட்டைச் சுற்றி வந்தேன். ஹாலில் ஒன்று, அடுப்படியில் ஒன்று, படுக்கையறைகளில் இரண்டு என்று நான்கு சார்ஜர்கள், போன் இல்லாமல் சும்மா சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன. சும்மா செருகி வைத்தாலும் சார்ஜர் கரண்ட் குடிக்கும் என்று எப்போதோ கேள்விப்பட்டிருந்தேன். பிடித்துவிட்டேன்!

அன்றிலிருந்து சட்டம் போட்டேன். போனை எடுத்தால் ஸ்விட்சை அமத்த வேண்டும். சிவப்பு லைட் எரிகிற இடத்தில் போன் இல்லையென்றால், கடைசியாக எடுத்தவருக்கு அர்ச்சனை. மனைவி முதல் வாரமே காதைப் பொத்திக்கொண்டாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் எலக்ட்ரிகல் படிக்கும் மகள், "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லியே என்னைக் கடந்து போகப் பழகினாள். அம்மாவுக்கு 78 வயது. அவர் மட்டும் நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படி அறை அறையாகச் சார்ஜர் வேட்டை நடத்திக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுக்கு அந்தப்பக்கமிருந்து கூப்பிட்டார்.

"அண்ணே, தொட்டி நெறஞ்சு ரொம்ப நேரமா ஊத்துதே!"

காலையில் நான் போட்ட மோட்டார். ஒரு குதிரைத்திறன். ஒரு மணி நேரத்துக்குமேல் ஓடியிருக்கிறது. மாடிப்படி வழியாக வந்த தண்ணீர், வாசல் கோலத்தையும் கூட்டிக்கொண்டு தெருவுக்குப் போயிருந்தது.

மகள் அன்றைக்குத்தான் காலண்டர்த் தாளைக் கிழித்து, பின்பக்கம் கணக்குப் போட்டாள். ஐரோப்பாவில் 2020இலிருந்து, போன் சார்ஜர் மாதிரிச் சின்ன அடாப்டர்கள் சும்மா செருகியிருக்கும்போது 0.1 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று விதி இருக்கிறதாம். நல்ல சார்ஜர் எதுவும் அந்த அளவில்தான் இருக்குமாம். "நாலு சார்ஜர், ஒரு நாளைக்கு 24 மணி நேரம், 60 நாள். பெருக்குங்கப்பா." பெருக்கினேன். 576 வாட்-மணி. அதாவது அரை யூனிட்டும் கொஞ்சமும். இரண்டு மாதம் தொண்டை கட்டக் கத்தி நான் மிச்சப்படுத்தியது அவ்வளவுதான். மோட்டார் அந்த ஒரு காலையிலேயே ஒரு யூனிட்டைத் தின்றுவிட்டது.

அவள் அதோடு விடவில்லை. போனுக்குச் சார்ஜ் ஏற்றவே என்ன செலவாகிறது என்று இறங்கினாள். 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் அடங்குவது சுமார் 19 வாட்-மணி. வழியில் சூடாக வீணாவதையும் சேர்த்தால் 25. நாற்பது தடவை முழுசாகச் சார்ஜ் போட்டால்தான் ஒரு யூனிட். தினம் ஒரு தடவை என்றாலும் வருஷத்துக்கு ஒன்பது யூனிட்; யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் 45 ரூபாய். டீக்கடையில் நண்பர் கட்டியதைவிட ஒரு ரூபாய்தான் அதிகம். அரை மணி நேரம் ஓடும் 2000 வாட் கீசர் நாற்பது நாள் சார்ஜைக் குடித்துவிடும்.

"அப்ப அந்த 12 யூனிட்?" என்றேன்.

"உங்க ரூம் ஏசிப்பா. இருபதுல வச்சுட்டு ரெண்டு போர்வை போத்துறீங்க."

மனைவி அடுப்படியில் எதையோ வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள்.

பேட்டரி விஷயத்திலும் என் ஞானம் இந்த லட்சணம்தான். அதற்கு அப்பாவையும் கொஞ்சம் பொறுப்பாக்கலாம். டார்ச் லைட் மங்கினால், பேட்டரிக் கட்டைகளைக் கழற்றி மொட்டை மாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் காயவைப்பார். சாயங்காலம் கொஞ்ச நேரம் எரியும். சூட்டில் உள்ளே வேதிவினை சற்று வேகம் பிடிப்பதால் வரும் கடைசி மூச்சு அது. எனக்கோ, பேட்டரிக்கு வெயில் நல்லது என்று மனதில் பதிந்துவிட்டது. லிதியம் அயனி பேட்டரிக்கு முதல் எதிரியே சூடு. நானோ மதுரை வெயிலில் போனை பைக் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் ஊர்வலம் விட்டிருக்கிறேன். ஒரு சித்திரை மத்தியானம் அது கையைச் சுடவே, பயந்துபோய் ஃபிரிட்ஜில் வைத்தேன்.

"ஏங்க, மோர் எடுக்கப் போனா உள்ள உங்க போன் அடிக்குது" என்று மனைவி அதை ஈரம் சொட்டக் கொண்டுவந்து கொடுத்தாள்.

இன்னொரு பக்தியும் இருந்தது. நான் வாங்கிய முதல் போன் நோக்கியா 1100. முதல் தரம் எட்டு மணி நேரம் சார்ஜ் போடணும், அப்புறம் எப்பவும் முழுசா இறங்கவிட்டுத்தான் ஏத்தணும் என்று யாரோ சொன்னார்கள். அது பழைய நிக்கல் பேட்டரிகளுக்கான பத்தியம். 1100க்குள் இருந்தது 850 மில்லி ஆம்பியர்-மணி லிதியம் பேட்டரி. அந்தக் கொசுறு பேட்டரியிலேயே நான்கு நாள் ஓடியது, டார்ச்சும் அடித்தது. எனக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. போன்கள் மாறின, பத்தியம் மாறவில்லை. ஒரு சதவீதம் வரும்வரை காத்திருந்து, பிறகு தலையணைக்கடியில் வைத்து விடிய விடிய நூறுக்கு ஏற்றுவேன். லிதியம் பேட்டரியைச் செய்து காட்டிய குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். குட்எனஃபுக்கு அப்போது 97 வயது. அந்த வருஷமும் நான் இரவுதோறும் என் போனை வறுத்தெடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடிவரை காலியாக்கினாலும் பேட்டரிக்கு அவஸ்தை, நூறில் நிறுத்திச் சூட்டில் வைத்தாலும் அவஸ்தை. நடுவில் இருந்தால் நிம்மதி. கடைசி இருபது சதவீதம் ஏன் அவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்று நான் சார்ஜரைத் திட்டியதுண்டு. மாட்டுத்தாவணியில் பஸ் நிரம்புவதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். உட்கார இடம் இருக்கும்வரை சரசரவென்று ஏறுவார்கள், அதற்குமேல் ஒவ்வொருவராகத் திணிக்க வேண்டும். திணிக்கும்போது பஸ்ஸுக்கும் வலிக்கும்.

சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலைபோல, திறந்திருக்கும் ஆப்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவதும் என் வழக்கம். பேட்டரி மிச்சமாகுமாம். அப்படியெல்லாம் ஆகாது என்று ஆப்பிளின் கிரெய்க் ஃபெடரிகியும் ஆண்ட்ராய்டின் ஹிரோஷி லாக்ஹைமரும் 2016லேயே சொல்லிவிட்டார்கள். கை கேட்கவில்லை. இப்போதும் தள்ளுகிறேன்.

வாங்கிய இரண்டாவது வருஷம் போன் முதுகு உப்பியது. பழுது பார்க்கும் தம்பி கழற்றிப் பார்த்துவிட்டு, டாக்டர்போலக் கேட்டார்: "தலகாணிக்கு அடியில வச்சுச் சார்ஜ் போடுவீங்களாண்ணே?"

"எப்பவாவது" என்றேன்.

பேச்சை மாற்றுவதற்காக அவரிடமே வாங்கிய பவர் பேங்கைப் பற்றிப் புகார் சொன்னேன். 10000 என்று போட்டிருக்கிறது, என் போன் 5000, ரெண்டு தடவை ஏற வேண்டாமா, ஒன்றேகால் தடவைதான் ஏறுகிறது. அவர் அதைத் திருப்பிக் காட்டினார். "அண்ணே, அந்தப் பத்தாயிரம் உள்ள இருக்குற 3.7 வோல்ட்டு கணக்கு. வெளிய 5 வோல்ட்டா மாத்தும்போதே கொறஞ்சிரும், போன்ல ஏறுறப்ப இன்னும் கொறயும். பின்னாடி பொடி எழுத்துல போட்டிருக்கு பாருங்க." போட்டிருந்தது. படிக்க எனக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. கண்ணாடி வீட்டில் இருந்தது.

டீக்கடை அவமானத்துக்குப் பிறகு, பத்து தரம் பார்த்துத்தான் ஸ்விட்ச் போட்டேன். போட்டு, லைட் எரிவதைப் பார்த்து, மகளையும் சாட்சிக்குக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுப் படுத்தேன். இரண்டு மணி வாக்கில் செருப்பு தேயும் சத்தம். பாத்ரூம் போய்விட்டு வந்த அம்மா என் அறை வாசலில் நின்றார். சிவப்பு லைட்டைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து ஸ்விட்சை அமத்திவிட்டுத் திரும்பினார்.

"அம்மா!"

"நீ தூங்குடா. சிவப்பு லைட்டு எரிஞ்சா அமத்தணும்னு நீதான சொன்ன. இந்த வீட்ல ஒருத்தருக்கும் பொறுப்பில்ல."

மறுநாள் மகள் ஸ்விட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் பெரிய எழுத்தில் எழுதினாள்: 'அப்பத்தா, இத மட்டும் அமத்தாதீங்க.' அடுத்த நாள் காலை எழுந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து போனைப் பார்த்தேன். நூறு சதவீதம். அதைப் பார்த்தபடியே காபியை ரசித்து உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, மாடிப்படிப் பக்கம் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது.