எட்டு மூலைப் படுக்கையறை

மதிப்பிற்குரிய வடிவமைப்புப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

பொருள்: தாங்கள் கட்டித் தந்த அடுக்ககத்தின் இரண்டாவது படுக்கையறையில் ஒரு கட்டில் போட அருள்கூர்ந்து வழிகாட்ட வேண்டுதல்.

வணக்கம். ஊரார் நான்கு மூலையை வைத்துக்கொண்டு காலம் தள்ளும்போது, திசைக்கு ஒன்றாக எனக்கு எட்டு மூலை கொடுத்திருக்கிறீர்கள். (நடுச்சுவரில் துருத்தி நிற்கும் தூண் தந்த நான்கையும் சேர்த்துத்தான்.)

கதவுப் பக்கம் அறையின் அகலம் பத்தடி. ஜன்னலை நெருங்க நெருங்க ஒடுங்கி ஏழடியில் நிற்கிறது. இரண்டாவது அறைக்கு 2.1 மீட்டர் அகலமாவது வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. ஏழடி என்பது 2.13 மீட்டர். அந்த மூன்று சென்டிமீட்டர் தாராளத்துக்கு நன்றி. அதில் ஒரு காலண்டர் மாட்டியிருக்கிறோம்.

மனையே கோணல் என்றார்கள் உங்கள் ஆட்கள். இருக்கட்டும். அந்தக் கோணலை மாடிப்படியில் வைத்திருக்கலாம், வண்டி நிறுத்துமிடத்தில் வைத்திருக்கலாம். என் தலைமாட்டில் வைத்தீர்கள்.

அலமாரி செய்ய ஆசாரி வந்தார். ஒரு சுவரில் மூன்றடி, அடுத்த சுவரில் நாலடி அளந்து, குறுக்கே ஐந்தடி வந்தால் மூலைமட்டம் சரி என்பது அவர் தொழில் கணக்கு. இங்கே கதவுப் பக்க மூலையில் நாலேகால் சொச்சம், ஜன்னல் பக்கம் ஐந்தரைக்கு மேல். டேப்பைச் சுருட்டிக்கொண்டே, “சார், இங்க பீரோ வச்சீங்கன்னா பின்னாடி ஒரு பூனை குடும்பமே நடத்தும்” என்றார். எட்டுக்கு நாலு பிளைவுட்டை அவர் முக்கோணம் முக்கோணமாக அறுத்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கட்டிலை நேராகப் போட்டால் சாய்ந்த சுவருக்கும் தலைமாட்டுக்கும் நடுவே ஒரு சந்து. இரவில் தலையணை அதற்குள் போய்விடுகிறது. சுவரை ஒட்டிப் போட்டாலோ கால்மாடு தூணில் இடிக்கிறது. எதிர்ச்சுவரில் பெரிய கண்ணாடி மாட்டினால் அறை விசாலமாகத் தெரியும் என்றார் உள் அலங்கார நிபுணர் ஒருவர். மாட்டினோம். இப்போது இரண்டு தூண்.

அந்தத் தூண் விஷயம். ஒன்பதங்குல வெளிச்சுவரோடு ஒட்டி நீளவாக்கில் ஒளிந்திருக்க வேண்டியதை, நாலரை அங்குல உள்சுவரில் குறுக்காக நிறுத்தி ஓரடிக்கு மேல் எட்டிப்பார்க்க விட்டிருக்கிறீர்கள். உள்சுவர் நிற்கும் இடமும் கார்ப்பெட் ஏரியாவில் சேரும் என்கிறது ரியல் எஸ்டேட் சட்டம். ஆக, சதுர அடி விலை கொடுத்து முட்டிக்கொள்கிறோம்.

போலந்தின் வார்சாவில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, 2012-இல் கேரெட் இல்லம் என்று ஒன்றைச் செருகினார்கள். ஒடுங்கிய இடத்தில் 92 சென்டிமீட்டர், அகன்ற இடத்தில் 152. அவர்கள் அதைக் கலைப்படைப்பு என்று ஒப்புக்கொண்டார்கள். நீங்கள் டூ பிஹெச்கே என்று விற்றீர்கள்.

விளம்பரத் தாளில் இதே அறையில் கட்டில், இருபுறமும் குட்டி மேசை, பூந்தொட்டி எல்லாம் அடக்கமாக நின்றன. அளவுகோலை வைத்துப் பார்த்தேன்: கட்டிலின் நீளம் நாலே முக்கால் அடி. அதில் யாரையும் படுக்கவைத்து வரையாதது உங்கள் நேர்மை.

ஆகவே அந்தக் கட்டிலையே அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கையிருப்பில் இல்லையென்றால், தூண் நிற்கும் இடத்துக்கான தொகையைத் திருப்பித் தரலாம்.

இப்படிக்கு,
குறுக்காகப் படுத்திருக்கும் வாடிக்கையாளர்

நகல்: வாஸ்து நிபுணர் (எட்டில் எது ஈசானிய மூலை என்று அவரே முடிவுசெய்து தெரிவிக்கவும்).